பூட்டி வைத்த பொன்னகரம்



பழம்பொருள் சேர்ப்பது தவறா என்னும் கேள்வி அவ்வப்போது எழுவதுண்டு. அழகிய பொருளொன்றைப் போற்றிக் காப்பதில் தவறில்லை என்பதே என் கருத்து. ஆனால் போற்றிக் காப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு. இவ்விரண்டின் வேறுபாட்டை விளக்க இவ்வாரம் ஒரு காரின் வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் 1953இல் எல்டொராடோ என்னும் காரை அறிமுகம் செய்தது. அவ்வாண்டு உருவானவை 532 மட்டுமே. கூரையை மடக்கிவிட்டு வானம் பார்க்கச் செல்லும் கன்வெர்டிபிள் வகை அது. ஐசனோவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற நாளில் அத்தகைய வண்டியில் நின்றபடியேதான் மக்களுக்குக் கையசைத்துச் சென்றார்.

எல்டொராடோ என்னும் ஸ்பானியச் சொல்லுக்குப் 'பொன் பூசப்பட்டவன்' என்று பொருள். இன்றைய கொலம்பியாவில் வாழ்ந்த பழங்குடித் தலைவன் ஒருவன் உடலெங்கும் பொற்பொடி பூசிக்கொண்டு ஏரியில் நீராடுவான் என்னும் கதையில் பிறந்த பெயர் அது. நாளடைவில் அது ஒரு மனிதனைக் குறிப்பது மாறி, பொன்னாலான நகரத்தைக் குறிக்கலாயிற்று. அந்த நகரத்தைத் தேடி 1595இல் கடல் கடந்த ஆங்கிலேயர் வால்டர் ராலே அதைக் கண்டதே இல்லை. இல்லாத பொன்னைத் தேடிய மனிதர் பலர். கையிலிருந்த வண்டியைப் பொன்னாக்கிவிடலாம் என்று நம்பியோரும் பின்னாளில் உண்டு.

1965இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 5 லட்சம் கன்வெர்டிபிள்கள் விற்றன. அதன் பின்னர் அவற்றின் மவுசு வேகமாகக் குறைந்தது. காருக்குள் குளிர்சாதன வசதி பரவியது. நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த வண்டியில் காற்றும் இரைச்சலும் தொல்லையாயின. வண்டி கவிழ்ந்தால் உயிர் தப்புவது அரிது என்னும் அச்சமும் வலுத்தது. ஒவ்வொரு நிறுவனமாகக் கைவிட, 1976இல் அமெரிக்கத் தயாரிப்பில் எஞ்சி நின்றது எல்டொராடோ ஒன்றுதான்.

அது ஏறத்தாழ 5.7 மீட்டர் நீளமும் 2,300 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட பெருவண்டி. 8.2 லிட்டர் கொள்ளளவுள்ள எட்டு உருளை எஞ்சின் அதற்கு. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடினாலே பெரிது. அவ்வாண்டு 14,000 கன்வெர்டிபிள்கள் செய்யப்பட்டன. விலை சுமார் 11,000 டாலர். நாடு விடுதலை பெற்ற 200ஆம் ஆண்டு அது. ஆகவே கடைசி 200 வண்டிகள் ஒரே மாதிரி வெண்ணிறத்தில், சிவப்பு நீலக் கோடுகளுடன் உருவாயின. ஏப்ரல் 21 அன்று டெட்ராய்ட்டில் கடைசி வண்டி வெளிவந்தது. இனி இத்தகைய வண்டி அமெரிக்காவில் பிறக்காது என்றே எல்லோரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையில் பலர் அறிவிக்கப்பட்ட விலையைவிட மிக அதிகம் கொடுத்து வாங்கினார்கள். ஓட்டுவதற்காக அல்ல, நாளைக்கு விலை ஏறும் என்பதற்காக. இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூட அகற்றாமல் கொட்டகையில் நிறுத்தியவர்களும் உண்டு.

நடந்தது வேறு. சில ஆண்டுகளுக்குள் கிரைஸ்லரும் ஃபோர்டும் மீண்டும் கன்வெர்டிபிள்களைக் கொண்டுவந்தன. 1984இல் காடிலாக்கே மடக்குக் கூரையுடன் எல்டொராடோவை விற்கத் தொடங்கியது. 'கடைசி' என்று நம்பி வாங்கியவர்களில் சிலர் சினந்து வழக்குத் தொடுத்தார்கள். 1976இன் 11,000 டாலர் இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 60,000 டாலராகும். நன்கு ஓடும் சாதாரண 1976 எல்டொராடோ அதைவிட மிகக் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. காரணம் எளிது. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் அரிதாவதில்லை. 1953இன் வண்டியை யாரும் புதையலாக எண்ணிப் பூட்டவில்லை. மக்கள் ஓட்டினார்கள், மழையில் நனைத்தார்கள், பழசானதும் கழித்துக் கட்டினார்கள். அதனால்தான் எஞ்சியவற்றுக்கு இன்று பெருமதிப்பு.

விலையை விடுங்கள், பொருளாவது நிலைத்ததா? வண்டி நின்றாலும் காலம் நிற்பதில்லை. தொட்டியிலுள்ள பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக் குழாய்களை உள்ளிருந்தே அரிக்கும். டயர் நின்ற இடத்திலேயே தட்டையாகும். எலிகள் வயர்களைக் கடித்துக் கூடு கட்டும். பம்பருக்கும் உடற்பகுதிக்கும் இடையே அந்நாளைய காடிலாக்கில் பொருத்திய மென்பிளாஸ்டிக் துண்டுகள் தொட்டாலே உதிர்ந்துபோகும். பூச்சியையும் துருவையும் பற்றி ஆண்டவர் மலைமேல் எச்சரித்தது வெறும் உவமையல்ல என்பதற்குக் கொட்டகையில் நிற்கும் இவ்வண்டி சாட்சி.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எவரும் தொடாமல் காத்ததால்தானே அந்நாளைய வண்ணமும் தையலும் எப்படி இருந்தன என்று நாம் அறிகிறோம்? உண்மைதான். பெபிள் பீச் கண்காட்சியில் புதுப்பிக்கப்படாத பழைய வண்டிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். சில பொருள்களைத் தொடாமல் காப்பதும் ஒரு சேவையே. ஆனால் அவ்வாறு காப்பவர் பிறர் காணக் காக்கிறார். விலைக்காகப் பூட்டுபவரோ எவரும் காணாதபடி பூட்டுகிறார்.

அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்றும் கேட்கலாம். கேட்கத்தக்க கேள்விதான், ஆயினும் அதைப் பிறருடைய காரை நோக்கிக் கேட்பது எளிது. நம் வீட்டை நோக்கிக் கேட்போமானால், பழைய வண்டியைத் தன் கையால் செப்பனிட்டு, ஞாயிறு மாலையில் கூரையைத் திறந்து, அண்டை வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் மனிதரை நாம் அவ்வளவு விரைவில் குற்றம் சொல்லமாட்டோம். அவரிடம் பொருள் இருக்கிறது. பூட்டி வைத்தவரிடமோ பொருளின் விலையைப் பற்றிய கவலை மட்டுமே இருக்கிறது.

தாலந்தைப் புதைத்த ஊழியக்காரனை நினைத்துப் பாருங்கள். அவன் அதைத் திருடவில்லை, தொலைக்கவும் இல்லை. அச்சத்தால் மண்ணுக்குள் வைத்தான். வைத்தது அப்படியே இருந்தது. அதுவே அவன்மேல் வந்த குற்றம்.

பிரியமானவர்களே, உங்களில் எவரும் காடிலாக் வைத்திருக்கமாட்டீர்கள். ஆனால் 'நல்ல நாள் வரட்டும்' என்று நாம் எடுத்து வைத்தவை பல. உடுத்தாத பட்டு, விருந்தினருக்கென்று பூட்டிய பாத்திரம், ஓய்வு பெற்றபின் பார்க்கலாம் என்று ஒத்திவைத்த திறமை, பிறகு சொல்லலாம் என்று மனத்திலேயே வைத்திருக்கும் பாராட்டு ஆகிய இவையும் நின்ற இடத்திலேயே பழசாகின்றன. இவ்வாரம் அவற்றுள் ஒன்றையேனும் வெளியே எடுங்கள். அது சற்றே தேயட்டும். தேயும்போதுதான் அது எவருக்கேனும் பயன்படுகிறது.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.