பிணியுற்ற பிள்ளைக்குத் துணை யார்?

சில மாதங்களுக்கு முன்னர், தெற்கிலுள்ள வைத்தியசாலையொன்றின் சிறுவர் வார்டுக்கு நாம் சென்றிருந்தோம். கிளிநொச்சிப் பகுதிக் கமக்காரர் ஒருவரின் மகள், ஐந்து வயதுச் சிறுமி, அங்கே கட்டிலில் இருந்தாள். இரத்தம் எடுக்க வந்த சிங்களத் தாதி அன்பு மிக்கவர். சிறுமியின் தலையைத் தடவி, “பய வென்ன எப்பா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பயப்படாதே என்பதே அதன் பொருள். ஆனால் சிறுமியின் காதிலே பொருளோடு விழுந்தது “பய” என்ற ஒரு சொல் மட்டுமே. அதைக் கேட்கக் கேட்க அவள் அலறல் கூடிற்று. அருகிலிருந்த தாய்க்கும் சிங்களந் தெரியாது. ஈற்றில் இருவர் அவள் கைகால்களை அழுத்திப் பிடிக்க, இரத்தம் எடுக்கப்பட்டது.

அந்தத் தாதியின் மீது நாம் குற்றஞ் சுமத்தவில்லை. அங்கே அன்பு இருந்தது; மருந்து இருந்தது; நிபுணரும் இருந்தனர். பிள்ளையின் அச்சத்தைத் தமது பொறுப்பாக ஏற்று, பிள்ளையின் மொழியிலேயே அதனைத் தணிக்குங் கடமை பூண்ட ஒருவர் மட்டும் அங்கே இல்லை. அக்கடமையையே முழுநேரத் தொழிலாகக் கொண்டோர் உலகில் உளர் என்பதை நம்மவரிற் பலர் அறியார். எமது வாலிபரும் யுவதிகளும் அத்தொழிலை நாடவேண்டும். அதற்கான பதவிகளை நாம் கேட்டுப் பெறவேண்டும். இவ்விரண்டையும் வற்புறுத்தவே இதனை எழுதுகின்றோம்.

தொழில் பிறந்த வரலாறு

கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் மேல்நாட்டு வைத்தியசாலைகள் பெற்றாரைச் சிறுவர் வார்டுக்குள் விடுவதற்கே தயங்கின. தாயைக் கண்டாற் பிள்ளை அழும், காணாதிருப்பதே நலம் என்பது அக்கால நியாயம். 1952ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஜேம்ஸ் றொபேட்சன் என்பார், எட்டு நாள் வைத்தியசாலையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியொருத்தியைத் திரைப்படமாக எடுத்து வைத்தியர்களுக்குக் காட்டினார். அழாது கிடக்கும் பிள்ளை அமைதியடைந்த பிள்ளையன்று, துயரத்தை உள்ளே புதைத்த பிள்ளை என்பதை அப்படம் உணர்த்திற்று. 1959இல் வெளியான பிளாற் அறிக்கை, பெற்றார் தடையின்றி வந்துபோகவும், தாய் உடன் தங்கவும், பிள்ளை விளையாடவும் வழி செய்யவேண்டுமென விதந்துரைத்தது.

அமெரிக்காவிலே இத்தொழிலுக்கு அடிகோலியவர்களுள் எம்மா பிளாங்க் அம்மையார் ஒருவர். வியன்னா நகரில் ஆசிரியையாக இருந்தவர்; ஹிட்லரின் படை அங்கே புகுந்த 1938ஆம் ஆண்டில் தாயகம் விட்டு வெளியேறியவர். 1955இல் கிளீவ்லாந்து நகர வைத்தியசாலையில் நோயுற்ற சிறுவரின் விளையாட்டுக்கும் கல்விக்கும் மனத்தேறுதலுக்குமெனத் தனிப்பகுதி ஒன்றை அமைத்தார். இன்று அந்நாட்டில் இது அத்தாட்சி பெற்ற தொழில். பட்டப்படிப்பும், வைத்தியசாலையில் 600 மணி நேர மேற்பார்வைப் பயிற்சியும், பரீட்சையும் இதற்கு வேண்டும். ‘சைல்ட் லைப்’ நிபுணர் என அவர்கள் அழைப்பர். இங்கிலாந்தில் வைத்தியசாலை விளையாட்டு நிபுணர் என்பர். நாம் ‘பிள்ளைத் துணைவர்’ என்போம்.

அவர் செய்வது யாது?

பொம்மை கொடுத்துப் பராக்குக் காட்டுவது மட்டுமே இவர் வேலையென எண்ணற்க. நோயுற்ற பிள்ளையின் அச்சம் வயதுக்கு வயது வேறுபடும். கைக்குழந்தைப் பருவங் கடந்து நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்குத் தாயைப் பிரிவதே பெருந்துயர். ஐந்தாறு வயதுப் பிள்ளை, தான் செய்த குழப்படிக்குத் தண்டனையாகவே நோய் வந்ததென நம்பும். பள்ளிச் சிறுவன் தன் உடலுக்கு என்ன நேருமோவென ஏங்குவான். பதின்மூன்று, பதினான்கு வயதினர் பிறர் முன் உடலைக் காட்ட நாணுவர். அதனை வாய்திறந்து சொல்லவும் மாட்டார்.

இவற்றைக் கற்றறிந்தவரே பிள்ளைத் துணைவர். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் அவர் ஒரு துணிப்பொம்மையைக் கொண்டுவருவார். அதன் முகத்திலே மயக்க மருந்து முகமூடியைப் பிள்ளையே வைத்துப் பார்க்கும். ஊசி போடுகையிற் பிள்ளையைக் கட்டிலில் மல்லாத்தி அழுத்தாமல், தாயின் மடியில் நிமிர்த்தி அணைத்திருக்கச் செய்வார். எந்தக் கையிற் போடுவது என்பதைப் பிள்ளையையே கேட்பார். அஞ்சி நடுங்கும் பிள்ளைக்கு அச்சிறு தெரிவே பெரும் பலம். “நோகாது” என்று அவர் பொய் சொல்வதில்லை. “எறும்பு கடித்தாற்போலச் சற்று நோகும், பத்து எண்ணுமுன் முடிந்துவிடும்” என உண்மையைச் சொல்லி, கூடவே எண்ணுவார். எரிகாயத்துக்கு நாள்தோறும் மருந்து கட்டும் பிள்ளைக்கும், டெங்குக் காய்ச்சலிலே மீண்டும் மீண்டும் இரத்தம் எடுக்கப்படும் பிள்ளைக்கும் இத்துணை எத்தகையது என்பதைப் பெற்றார் அறிவர். பிழைக்க முடியாத பிள்ளையின் பக்கத்தில் இருப்பதும், அதன் உடன்பிறந்தாருக்கு உண்மையைச் சொல்ல உதவுவதும் அவர் பணியே.

இங்கே நாமும் நமது பிழையை ஒப்புக்கொள்ளவேண்டும். “குழப்படி செய்தால் டாக்குத்தரிடஞ் சொல்லி ஊசி போடுவிப்பேன்” என்று பிள்ளையை வெருட்டாத வீடு நமது ஊர்களில் எத்தனை? வைத்தியசாலை வாசலை மிதிக்குமுன்பே அச்சத்தை விதைப்பவர்கள் நாமே.

மொழியும் உரிமையும்

பிளாற் அறிக்கை வற்புறுத்திய தாயின் துணை எமது நாட்டு வார்டுகளிலே பெரும்பாலும் வழக்கமாகிவிட்டது. அஃது நற்செய்தியே. ஆயினும் புற்றுநோய் போன்ற கொடிய பிணிகளுக்கு வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலுமிருந்து மகரகமைக்கும் கொழும்புக்கும் செல்லுந் தாய், வைத்தியர் சொல்வதை விளங்காது தவிக்கின்றாள். தோட்டத் தொழிலாளியாயின் அவள் இழக்கும் நாட்சம்பளம் வேறு. தானே அஞ்சி நிற்பவள் பிள்ளையின் அச்சத்தை எங்ஙனம் தணிப்பாள்?

1956இல் வந்த தனிச் சிங்களச் சட்டம் முதலாக மொழிப் போராட்டத்தை நாம் அலுவலகப் படிவங்களிலும் பெயர்ப் பலகைகளிலுமே பெரிதுங் கண்டோம். அவை வேண்டியவையே. ஆனால் ஊசி முனையில் நடுங்கும் பிள்ளையின் கட்டிலருகே அவ்வுரிமை வந்து சேர்ந்ததா? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 2007ஆம் ஆண்டின் சுற்றறிக்கை, அரச சேவையிற் புதிதாகச் சேருவோர் மற்றை அரசகரும மொழியிலுந் தேர்ச்சி பெறவேண்டுமென விதித்தது. பரீட்சையிற் சித்தியடையும் மொழி வேறு; அழும் பிள்ளையைத் தேற்றும் மொழி வேறு.

1989இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிப்படுத்திற்று. தன்னைப் பாதிக்குங் கருமத்தில் தன் கருத்தைச் சொல்லும் உரிமையை அதன் 12ஆம் உறுப்புரையும், சுகாதார உரிமையை 24ஆம் உறுப்புரையும், சிறுபான்மைப் பிள்ளை தன் மொழியைப் பயன்படுத்தும் உரிமையை 30ஆம் உறுப்புரையும், விளையாடும் உரிமையை 31ஆம் உறுப்புரையும் கூறுகின்றன. இந்நான்கையும் சேர்த்து வாசிப்போர்க்கு, நோயுற்ற பிள்ளைக்குத் தன் மொழியில் ஆறுதல் கிடைப்பது தயவன்று, உரிமை என்பது தெளிவாகும். யாழ்ப்பாணத்து வார்டிற் படுத்திருக்கும் சிங்களச் சிறுவனுக்கும் இது பொருந்தும். நாம் கேட்பது சலுகையன்று. எல்லாப் பிள்ளைக்கும் உரிய நீதி.

மருந்துக்கே தட்டுப்பாடு, இதில் விளையாட்டுக்கு ஆளா என்று சிலர் வினவலாம். 2022ஆம் ஆண்டின் மருந்துத் தட்டுப்பாட்டை நாம் மறக்கவில்லை. ஆயினும் அலறும் பிள்ளையைப் பிடிக்க இருவர் மூவர் வேண்டும். அவர்களின் நேரம் வீணாகின்றது. அன்று வெருண்ட பிள்ளை அடுத்த முறை வர மறுக்கின்றது, நோய் முற்றுகின்றது. துணிப்பொம்மைக்கும் சவர்க்காரக் குமிழிக்கும் திறைசேரி வற்றிவிடாது. வேண்டுவது பயிற்சி பெற்ற மனிதர்.

வாலிபருக்கு ஒரு வார்த்தை

வைத்தியர், எந்திரி, கணக்காளர் என்ற மூன்று வாசல்களிலேயே நமது பிள்ளைகள் முட்டி மோதுகின்றனர். அவ்வாசல்களிற் புகமுடியாதோர் தம்மைத் தோற்றவராகக் கருதுகின்றனர். இத்தகையோருக்கு நாம் பொய்யான நம்பிக்கை ஊட்ட விரும்பவில்லை. பிள்ளைத் துணைவர் என்பது நம் நாட்டில் இன்னும் வேரூன்றாத தொழில். இன்றைய வழி, தாதியர் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை, உளவியல், சமூகப்பணி, முன்பள்ளிக் கல்வி என்பவற்றுள் ஒன்றை முறையாகக் கற்று, அங்கிருந்து இத்துறையை நோக்கிச் செல்வதே. சிங்களமும் கற்க வேண்டும். தெற்கிலுள்ள வார்டுகளில் தாய்க்கும் வைத்தியருக்கும் இடையே பாலமாக நிற்க அஃது இன்றியமையாதது. இதிற் பெருஞ்சம்பளம் இராது. சீதனச் சந்தையிலும் இவ்வுத்தியோகத்துக்கு விலை இராது.

இதனைத் தெரிய எண்ணுவோர் தம்மைத் தாமே சில கேள்விகள் கேட்கட்டும். அழும் பிள்ளையை உடனே அடக்க முயலாது அதன் அருகிலே பொறுமையாய் இருக்க நம்மால் முடியுமா? நிலத்தில் அமர்ந்து விளையாட நாணமின்றி முடியுமா? நோயை மாற்றும் ஆற்றல் நம் கையில் இல்லை என்பதை ஏற்க முடியுமா? நேற்று நம்மோடு விளையாடிய பிள்ளையின் கட்டில் இன்று வெறுமையாய் இருக்கக் கண்டும், அடுத்த கட்டிலுக்குச் செல்ல முடியுமா? பிள்ளைகளிடத்து அன்பு மட்டும் போதாது; அன்புக்குப் பயிற்சியும், பயிற்சிக்குப் பொறுமையும் வேண்டும்.

தமிழிலே இத்துறையைக் கற்பிக்க இயலுமா என்ற ஐயம் வேண்டாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேல்நாட்டு வைத்தியத்தையே தமிழிற் கற்பித்து, வைத்திய நூல்களையுந் தமிழாக்கினார். மட்டக்களப்பிலே 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரினால் வடுப்பட்ட சிறுவரை விளையாட்டாலும் கதையாலும் ஓவியத்தாலும் தேற்றிய அனுபவத்தை நமக்குத் தந்திருக்கின்றது. போர்க்காலத்தில் நாம் கற்றதை வார்டுக்குள் கொண்டுசெல்வதே மிச்சம்.

செய்யவேண்டியவை

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் இதற்கெனத் தமிழில் டிப்ளோமாப் பயிற்சியைத் தொடங்கவேண்டும். போதனா வைத்தியசாலைகளை ஆளும் மத்திய அமைச்சும், ஏனையவற்றை ஆளும் மாகாண நிருவாகமும் சிறுவர் வார்டுதோறும் இப்பதவியை ஏற்படுத்தவேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் சென்று சேருந் தெற்கு வைத்தியசாலைகளில், இதற்கெல்லாங் காத்திராது, தமிழறிந்த துணைவர் ஒருவரையேனும் உடனே அமர்த்தவேண்டும். நமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் வரவு செலவுத் திட்ட விவாதத்திலே சுகாதார அமைச்சின் ஒதுக்கீடு வரும்போது இதனைப் பிரேரிக்கட்டும். கட்டடத்துக்குக் கல் நாட்டிப் பெயர் பொறிக்கும் புலம்பெயர்ந்த அன்பர்கள், கல்லை விட்டு, ஆண்டுக்கு இருவரின் படிப்புச் செலவை ஏற்கட்டும்.

கமக்காரர் நாற்றைப் பிடுங்கி நடுகையில் வேர் அறாது பார்ப்பார். வீட்டிலிருந்து பிடுங்கப்பட்டு வைத்தியசாலைக் கட்டிலில் வைக்கப்படும் பிள்ளையும் நாற்றே. அடுத்த முறை அக்கிளிநொச்சிச் சிறுமியின் தலையை ஒரு கை தடவும்போது, “பயப்படாதை பிள்ளை, நான் பக்கத்திலை இருக்கிறன்” என்ற சொல் அவள் காதில் விழவேண்டும். அச்சொல்லைச் சொல்லப் பயின்றவர் நம் வாலிபரிலிருந்தே வரவேண்டும். அவருக்குரிய பதவியைப் பெற்றுத்தருவது நமது அரசியலின் கடமை.