கப்பல் ஏறும் நாள்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வெளிநாட்டில் தொழில் பார்க்கும் அவருடைய தம்பி, வரும் விடுமுறைக்குக் குடும்பத்தார் ஏழு பேரையும் சிங்கப்பூருக்கு வரவழைத்து, அங்கிருந்து மூன்று இரவு உல்லாசக் கப்பலில் அழைத்துப் போக ஆசைப்படுகிறாராம். உம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. மூத்த மகள் பிள்ளைத்தாய்ச்சி. "கப்பலில் குடியும் சூதாட்டமும் இருக்கிறதாமே, அந்த இடத்துக்குப் பிள்ளைகளோடு போகலாமா? உம்மாவால் ஏறி இறங்க முடியுமா? முதல் நாள் எங்கே போய் நிற்பது, என்ன செய்வது என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது" என்று கேட்டிருக்கிறார். வெள்ளவத்தையிலிருந்தும் இதே போன்ற விசாரிப்புகள் வந்திருப்பதால், இம்மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறோம்.

கொழும்பில் வாழும் நமக்குக் கப்பல் புதிதல்ல. வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்றாலே தூரத்தில் கப்பல்கள் தெரியும். கொட்டாஞ்சேனைக்காரருக்கோ துறைமுகம் வீட்டு முன்வாசல் மாதிரி. ஆனால் கப்பலில் ஏறியவர் எத்தனை பேர் என்று கேட்டால் வயதானவர்கள் சிலர்தான் கையை உயர்த்துவார்கள். 1914 இல் தொடங்கிய தலைமன்னார்க் கப்பல் சேவை 1984 இல் நின்று போனது. இரவு கோட்டையில் ரயில் ஏறி, காலையில் தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலுக்கு வரிசையில் நின்ற கதையை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 'ஸ்கோஷியா பிரின்ஸ்' ஓடத் தொடங்கியது. அதுவும் அந்த ஆண்டு நவம்பரோடு நின்றது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்து போனது. ஆனாலும் நம்மவர் உல்லாசக் கப்பல் என்றவுடன் நினைப்பது சிங்கப்பூரைத்தான்.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நமது முன்னோருக்குக் கப்பல் ஏறுவது என்றால் பெரும்பாலும் ஹஜ்ஜுக்குப் போவதுதான். இந்தியாவில் பம்பாயிலிருந்து ஜித்தாவுக்கு ஹாஜிகளை ஏற்றிச் சென்ற கப்பல் சேவை 1995 வரை நடந்தது. கப்பல் ஏறப் போகிறவர் முதலில் கடனைத் தீர்ப்பார். அயலவர் வீட்டுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேட்பார். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பார். பிறகுதான் பெட்டி கட்டுவார். உல்லாசப் பயணத்தை ஹஜ்ஜோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் கணக்கைப் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறும் அந்தப் பழக்கம் இன்றைய கப்பலுக்கும் மிகவும் பொருந்தும். ஏனென்பதைக் கீழே பாருங்கள்.

வீட்டை விட்டுப் புறப்படும் முன்

கடவுச்சீட்டுகள் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் வீசா தேவையா என்று தனித்தனியாக விசாரியுங்கள். "நாங்கள் கரையில் இறங்கப் போவதில்லையே" என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. இறங்காவிட்டாலும் வீசா கேட்கும் நாடுகள் உண்டு. கப்பல் புறப்படும்போது நீங்கள் அந்த நாட்டை விட்டு வெளியேறி, திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் மகளின் விஷயத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பயணம் முடிவதற்குள் கர்ப்பம் 24 வாரத்தை எட்டிவிடும் என்றால் அநேகமான கப்பல் கம்பனிகள் ஏற்றுவதில்லை. அதற்குக் குறைவாக இருந்தாலும் டொக்டரின் கடிதம் கேட்பார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தையையும் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். துறைமுகம் வரை போய்த் திரும்பி வருவதைவிட, காசு கட்டும் முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது.

உம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தட்டுகளில், லிப்டுக்கு அருகில் கேளுங்கள். ஆட்டம் மிகக் குறைவாகத் தெரிவது அங்கேதான். இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: கப்பல் துறையில் கட்டப்படுமா, அல்லது நடுக்கடலில் நின்று சிறு படகில் ஆட்களைக் கரைக்கு எடுப்பார்களா? படகு என்றால் முழங்கால் வலியுள்ளவர்களுக்குச் சிரமம்.

துறைமுகத்தில்

சிங்கப்பூரில் பெரிய கப்பல்கள் நிற்பது 2012 இல் திறக்கப்பட்ட மரீனா பே கப்பல் நிலையத்தில். பார்த்தால் விமான நிலையம் என்றே தோன்றும். நடைமுறையும் ஏறக்குறைய அப்படித்தான். பெரிய பெட்டிகளில் அறை இலக்கம் எழுதிய அட்டையைக் கட்டி வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும். அவை உங்கள் அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். ஆகவே உம்மாவின் மருந்து, கடவுச்சீட்டுகள், பிள்ளைகளின் ஒரு மாற்றுடுப்பு, முஸல்லா ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டியும் மின்சாரக் கேத்தலும் வேண்டாம். தீப்பிடிக்கும் பயத்தால் அவற்றை அனுமதிப்பதில்லை. நேரத்துக்கு வாருங்கள். கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே வாசலை மூடிவிடுவார்கள். உறவுக்காரர் வீட்டுப் பகல் சாப்பாடு அதற்கு மன்னிப்பு வாங்கித் தராது.

பதிவு முடிந்ததும் ஆளுக்கொரு அட்டை கொடுப்பார்கள். அதுதான் அறைத் திறப்பு, அதுதான் அடையாள அட்டை, அதுதான் பணப்பை. கப்பலுக்குள் காசு புழங்காது. அட்டையை நீட்டினால் போதும், கடைசி நாள் பற்றுச்சீட்டு வந்து நிற்கும்.

முதல் பார்வை

உள்ளே நுழைந்தவுடன் கண்ணைப் பறிக்கும். 2022 இல் சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு மீண்டும் ஓடத் தொடங்கிய 'கென்டிங் டிரீம்' கப்பலின் நீளம் 335 மீற்றர். கொழும்புத் தாமரைக் கோபுரத்தைக் கடலில் படுக்க வைத்தால் கிட்டத்தட்ட அந்த நீளம் வரும். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று முதல் நாள் யாருக்கும் பிடிபடாது. விளக்குகள், பாட்டு, படம் பிடிக்க ஓடி வரும் புகைப்படக்காரர் என்று எல்லாம் ஒரேயடியாக வந்து சேரும். பிறகு அறையைத் திறந்தால், இவ்வளவு பெரிய கப்பலில் இவ்வளவு சிறிய அறையா என்று மனம் சற்றுச் சோரும். ஜன்னல் இல்லாத உள்ளறை மலிவு. ஆனால் விளக்கை அணைத்தால் இரவா பகலா என்று தெரியாது. சுபஹுக்கு மணி வைத்துக்கொண்டுதான் படுக்க வேண்டும்.

கிப்லாவை அறிய அறைக்குள் கைத்தொலைபேசியின் திசைகாட்டியை நம்ப வேண்டாம். சுற்றிலும் இரும்பு என்பதால் அது தடுமாறும். அறைத் தொலைக்காட்சியில் கப்பல் போகும் திசையைக் காட்டும் வரைபடம் பெரும்பாலும் இருக்கும். மலாக்கா நீரிணையில் கிப்லா ஏறக்குறைய கொழும்பில் நாம் முகம் திருப்பும் அதே திசைதான். மேற்கிலிருந்து சற்று வடக்காக. ஆகவே கப்பல் பினாங்குப் பக்கம் போகும்போது கிப்லா அதன் முகப்பை ஒட்டியே இருக்கும், திரும்பி வரும்போது பின்பக்கமாக இருக்கும். பிரயாணத் தொழுகையின் சலுகைகளைப் பற்றி உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, 'கென்டிங் டிரீம்' போன்ற கப்பல்களில் ஹலால் சான்றிதழ் பெற்ற உணவுச்சாலை தனியாக இருக்கிறது. அதற்காகக் கப்பல் முழுவதும் ஹலால் என்று எண்ணிவிடக் கூடாது. எந்த உணவுச்சாலை, சான்றிதழின் திகதி என்ன என்று ஏறிய அன்றே விசாரித்து, பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் வேலை

பெட்டி வரும் முன், சாப்பிட உட்காரும் முன், ஒரு வேலை இருக்கிறது. ஆபத்து நேர்ந்தால் ஒன்றுகூட வேண்டிய இடம் உங்கள் அட்டையில் குறிக்கப்பட்டிருக்கும். அறையிலிருந்து அங்கே குடும்பத்தோடு நடந்து போய்ப் பாருங்கள்.

2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே 'கொஸ்டா கொன்கோர்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தது. அதில் 4,229 பேர் இருந்தார்கள். 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறிய பல நூறு பயணிகளுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி இன்னும் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால் போதும் என்பதே அன்றைய விதி. அதன் பிறகு விதி திருத்தப்பட்டு, 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்றாகியது.

கொரோனாக் காலத்துக்குப் பின் பல கப்பல்களில் இந்தப் பயிற்சி சுருங்கிவிட்டது. தொலைக்காட்சியில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றுகூடும் இடத்தில் அட்டையைக் காட்டினால் முடிந்தது. இங்கேதான் நம்மவர் ஒரு காரியம் செய்யக் கூடும்: "உம்மா இருக்கட்டும், நான் எல்லோருடைய அட்டையையும் கொண்டு போய்க் காட்டிவிட்டு வருகிறேன்" என்று ஒருவர் கிளம்பிவிடுவார். அப்படிச் செய்யாதீர்கள். ஆபத்து நேரத்தில் லிப்டைப் பயன்படுத்தக் கூடாது. உம்மாவால் எத்தனை படி இறங்க முடியும் என்று அன்றைக்கே தெரிய வேண்டும். முடியாதென்றால் ஊழியரிடம் சொல்லுங்கள். உதவி தேவைப்படுவோரின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் சேர்ந்து கேட்டால் அதுதான் ஆபத்து அறிவிப்பு. பிள்ளைகளுக்கு அதை ஒரு விளையாட்டாகவே சொல்லிக் கொடுக்கலாம்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், பள்ளிக்கூடம் போகப் புறப்பட்ட பிள்ளைகளை ஏற்றிய மிதப்புப் படகு கவிழ்ந்ததை நாம் மறக்கவில்லை. சில நிமிடப் பயணம்தான் அது. தண்ணீரின் மேல் போகும் எதுவும் தண்ணீரின் மேல்தான் போகிறது. கப்பல் எவ்வளவு பெரிதானாலும் உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று பார்த்து வைப்பவர் கோழையல்ல.

பணப்பையும் சூதாட்டமும்

மூன்று இரவுக்கு இவ்வளவு மலிவா என்று விளம்பரத்தைப் பார்த்து வியக்கிறோம். டிக்கெட்டில் விட்டதைக் கம்பனி கப்பலுக்குள் பிடிக்கிறது: மது, சூதாட்டம், கடைகள், புகைப்படங்கள், சோடா, இணைய வசதி என்று. பல கப்பல்களில் ஊழியருக்கான சேவைக் கட்டணத்தை ஆளுக்கு, இரவுக்கு என்று தாமாகவே கணக்கில் போடுவார்கள். ஏழு பேர், மூன்று இரவு என்றால் 21 மடங்கு. இதைப் பயணச்சீட்டோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்துத்தான் செலவைத் தீர்மானிக்க வேண்டும். ஏறிய அன்றே வரவேற்பு மேசைக்குப் போய், பிள்ளைகளின் அட்டையில் ஒன்றும் வாங்க முடியாதபடி தடுத்துவிடுங்கள். கைத்தொலைபேசியை 'விமான' நிலையில் போடுங்கள். இல்லாவிட்டால் அது கப்பலின் செய்மதி வலையில் தானாகவே தொற்றிக்கொள்ளும். வீட்டுக்கு வந்த பிறகு பில் வரும்.

சூதாட்டக் கூடம் கப்பல் கரையை விட்டு வெளிக்கடலுக்குப் போன பிறகுதான் திறக்கும். அங்கே யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. கொழும்பிலும் சூதாட்ட நிலையங்கள் இருக்கின்றன. அதற்காக நாம் கொழும்பை விட்டுப் போகவில்லை, அந்த வாசலை மிதிப்பதுமில்லை. ஆனால் சில கப்பல்களில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் வழியே அதனூடாக இருக்கும். வேறு தட்டு வழியாகப் போகும் பாதையை முதல் நாளே கண்டு வையுங்கள். இளைஞரான பிள்ளைகளோடு இதைப் பற்றி வீட்டிலேயே வெளிப்படையாகப் பேசிவிட்டுப் போவது, அங்கே போய்க் காவல் இருப்பதைவிடப் பலன் தரும்.

ஒரு சலாம்

உங்கள் பெட்டியைச் சுமப்பவரும் அறையைத் துப்புரவாக்குபவரும் இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், இந்தியா, ஏன் நம் நாட்டைச் சேர்ந்தவராகக் கூட இருக்கலாம். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பவர்கள். சர்வதேச விதி அவர்களுக்கு உறுதி செய்வது நாளொன்றுக்கு ஆகக் குறைந்தது 10 மணி நேர ஓய்வு. அப்படியானால் 14 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்றாகிறது. மத்திய கிழக்குக்கு ஆளனுப்பிய வீடுகளில் வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெயரைக் கேட்டு நன்றி சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

ஆக, சகோதரிக்கு எமது பதில் இது. உம்மாவைத் தாராளமாக அழைத்துப் போங்கள். பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் ஒரே மேசையில் மூன்று நாள் சாப்பிடும் வாய்ப்பு அவருக்கு இனி எத்தனை தடவை கிடைக்கும்? மகளின் வாரக்கணக்கை டொக்டரிடம் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். ஆனால் தம்பி இதற்காகக் கடனட்டையில் கடன் படப் போகிறார் என்றால், "காசு சேரட்டும், அடுத்த வருடம் போவோம்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கடனைத் தீர்த்துவிட்டுக் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள், கடனோடு கப்பலிலிருந்து இறங்கக் கூடாது.