ஏற்றும் ஊசியும் ஏற்றும் ரத்தமும்

டோல்கேட் என்றால் சுங்கச் சாவடி. வண்டிக்கு வரி வாங்கிய காலம் மலையேறிவிட்டது. ஆயினும் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் வழிமறித்து நிற்கும் வேளையில், பிரசவ வலியுடன் போகும் பெண்ணிடம் அந்த இடம் நிமிஷங்களை வரியாக வாங்கத்தான் செய்கிறது.

அவள் போக வேண்டியது தெற்கே ராயபுரத்துக்கு. அங்குள்ள ராஜா ஸர் ராமசாமி முதலியார் பிரசவ ஆஸ்பத்திரி 1880-ஆம் ஆண்டில் தோன்றியது. இத்தகைய ஆஸ்பத்திரி வாசல்களில் உறவினர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "பிரஷர் இறங்கிவிட்டது என்கிறீர்களே, டாக்டரம்மா! ஏற்றுவதற்கு ஊசி இல்லையா?"

ஊசி உண்டு. அது ரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை உயர்த்துகிறது. அறுவைப் பிரசவத்துக்காக முதுகில் மயக்க மருந்து போடும்போது குழாய்கள் தளர்ந்து அழுத்தம் விழுவது சகஜம். அப்போது பினைல்எஃப்ரின் கைகண்ட மருந்து. வெகு காலம் எபெட்ரினையே கொடுத்து வந்தார்கள். அது நஞ்சுக்கொடி வழியே சிசுவை அடைந்து அதன் ரத்தத்தில் அமிலத்தை மிகுவிப்பது தெரிந்த பிறகு, முதலிடம் பினைல்எஃப்ரினுக்குப் போயிற்று. கிருமி ரத்தத்தில் பரவித் தாய் சோர்ந்துவிட்டால், கிருமிநாசினி மருந்தும் நரம்பு வழித் திரவமும் கொடுத்து, அப்போதும் அழுத்தம் ஏறாவிட்டால் நார்அட்ரினலின் ஏற்றுகிறார்கள்.

ஆனால் பிரசவத்தில் உதிரம் பெருகி அழுத்தம் விழுந்தால் கதை வேறு. வடசென்னைவாசிகளுக்கு அடிபம்பின் குணத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடியில் நீர் வற்றியபின் எத்தனை பலமாக அடித்தாலும் குடம் நிறையாது. ஊசி சிறிது அவகாசம் தரும், ரத்தம் தராது. பெருக்கை நிறுத்துவதும், போன ரத்தத்துக்கு ஈடாக ரத்தம் ஏற்றுவதுமே சிகிச்சை.

இதில் ஒரு வஞ்சனையும் உண்டு. கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தம் சுமார் நூற்றுக்கு 40 பங்கு கூடுகிறது. ஆகையால் நிறைய இழந்த பிறகுதான் அழுத்தம் விழுகிறது. அதற்கு முன்பே நாடி வேகமாக ஓடி எச்சரிக்கும். அழுத்தம் நன்றாக இருக்கிறதென்று வீட்டில் காத்திருப்பது மகா தவறு. 108-ஐ உடனே அழைக்க வேண்டும். பிரசவமாகாத பெண்ணை மல்லாக்கப் படுக்கவிடாமல் இடது பக்கம் சாய்த்துப் படுக்கவைக்க வேண்டும்.

2018-20 கணக்கின்படி, தமிழ்நாட்டில் லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார் இறந்தனர்; பாரத நாடு முழுவதற்கும் அந்த எண் 97. நம் மாகாணம் முன்னே நிற்பது பெருமைதான். அந்த 54 பேரின் குழந்தைகளுக்கு அந்தப் பெருமையால் என்ன பயன்?

மனைவிக்காக உயிரையே கொடுப்பேன் என்ற புருஷன், ஒரு பை ரத்தம் என்றதும் டீக்கடைப் பக்கம் நழுவுகிறான். கேட்பது 350 மில்லிதான். ஆரோக்கியமான ஆண்மகன் மூன்று மாதத்துக்கொருமுறை கொடுக்கலாம். வீரியம் ஒன்றும் குறைந்துவிடாது. வளைகாப்புக்கு யார் யாரை அழைப்பது என்று ஜாபிதா எழுதும் வீடுகளில், அதே காகிதத்தின் மறுபக்கத்தில் யார் யார் ரத்தம் கொடுப்பது என்றும் எழுதி வைக்கும்படி நேயர்களை வேண்டுகிறோம்.