ஒரு உடல், இரண்டு ஆட்டம்!

பனித்தரைச் சறுக்கு ஆட்டத்தில் பல பிரிவுகள் உண்டு. ஒன்று, தனி ஆட்டம். மற்றொன்று, ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடும் ஜோடி ஆட்டம்.

இரண்டிலும் இறங்கியவர் அமெரிக்கப் பெண் கிறிஸ்டி யாமகுச்சி. பிறவியிலேயே அவருடைய பாதங்கள் வளைந்திருந்தன. சிகிச்சை செய்தார்கள். கால்கள் பலம் பெறுவதற்காகச் சறுக்கப் பழகினார்.

ரூடி காலிண்டோ அவருடைய ஜோடி. 1988-ல் இளையோர் உலகப் போட்டியில் தனி, ஜோடி இரண்டிலும் யாமகுச்சிக்கே வெற்றி! 1989, 1990 இரு ஆண்டுகளிலும் அமெரிக்க ஜோடிப் பட்டம் கிடைத்தது.

ஆனால், 1990 உலகப் போட்டியில் தனி ஆட்டத்தில் 4-வது இடம். ஜோடியில் 5-வது இடம். எதிலும் பதக்கம் இல்லை. இரண்டுக்கும் தனித்தனிப் பயிற்சி வேண்டும். உடலோ ஒன்று!

ஜோடி ஆட்டத்தை விட்டார். பனியில் கோடு பிசகாமல் வட்டம் போடும் கட்டாயப் பிரிவும் அந்த ஆண்டோடு உலகப் போட்டியிலிருந்து போயிற்று. அதில்தான் அவர் பின்தங்கியிருந்தார். அதுவும் கைகொடுத்தது. 1991-ல் உலகப் பட்டம். 1992-ல் ஒலிம்பிக் தங்கம்.

இந்த வெற்றிக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவர் காலிண்டோ. ஜோடியை இழந்த அவர் தனியாகவே ஆடினார். 1996-ல் அமெரிக்கத் தனி ஆட்டப் பட்டத்தை வென்றார்!