'எதுக்கும் இருக்கட்டும்' என்று கிராபிக்ஸ் கார்டு வாங்காதீர்கள்!

1)
"என்ன செய்யுது?" என்று கேட்காமலே மாத்திரை எழுதுபவரும், "என்ன வேலைக்கு?" என்று கேட்காமலே லேப்டாப் விற்பவரும் ஒன்றுதான். இருவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரே கம்பெனி. ஒரே மாதிரி இரண்டு பிசினஸ் லேப்டாப். ஒன்றில் தனி கிராபிக்ஸ் கார்டு உண்டு, இன்னொன்றில் இல்லை. அல்லது இரண்டிலும் வேறு வேறு கார்டு. எதை எடுப்பது? இந்த த்ரெட் அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படித்தால் சில ஆயிரம் ரூபாய் மிச்சமாகலாம்.

2)
"டாக்டருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என்னிடம் சர்க்கரைக்குப் பார்க்கும் ஓர் அம்மா. மூன்று மாத சராசரி டெஸ்ட் எடுக்கச் சொல்லி இரண்டு தடவை எழுதிக் கொடுத்தாயிற்று. எடுக்கவில்லை. கேட்டால், "பையனுக்கு லேப்டாப் வாங்கினோம் டாக்டர், நகை பேங்க்ல இருக்கு, அடுத்த மாசம் எடுத்துடறேன்" என்றார். பையன் பி.காம் முதலாம் ஆண்டு. ஓட்டப்போவது டேலியும் எக்செல்லும். கடையில் அவன் தலையில் கட்டியது, இன்ஜினியர்கள் முப்பரிமாண டிசைன் வரையும் ஒர்க்ஸ்டேஷன் ரகம். ஏன் தம்பி என்றேன். "எதுக்கும் இருக்கட்டும்னு கடைக்காரர் சொன்னார் சார்."

அந்த 'எதுக்கும் இருக்கட்டும்' மேல்தான் எனக்குக் கோபம்.

3)
இந்த வார்த்தை எங்கள் தொழிலிலும் உண்டு. "எதுக்கும் ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்." திடீரென்று வந்த சாதாரண முதுகுவலி, வேறு அபாய அறிகுறி எதுவும் இல்லை என்றால், முதல் ஆறு வாரம் ஸ்கேன் தேவையில்லை என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. எடுத்தால் என்ன நஷ்டம்? காசு போகும். வலிக்குச் சம்பந்தமே இல்லாத ஏதாவது ஒன்று தெரியும், அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் காசு போகும்.

தேவையில்லாத கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான். விலையோடு முடியாது. சூடு, எடை, பேட்டரி, பழுது என்று பின்னாலேயே வரும்.

4)
முதலில் அடிப்படை. திரையில் தெரியும் எல்லாவற்றையும் வரைவது கிராபிக்ஸ் சிப். பெரும்பாலான லேப்டாப்பில் அது பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. ரேமைப் பங்கு போட்டுக்கொள்ளும். தனி கார்டு என்பது இன்னொரு சிப், அதற்கென்று தனி நினைவகம், கூடுதல் மின்சாரம், கூடுதல் வெப்பம். 'கார்டு' என்று சொன்னாலும் செருகி எடுக்கிற அட்டை இல்லை. இந்த ரக லேப்டாப்பில் அது மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்.

"தனி கார்டு இல்லைன்னா வீடியோ திக்கும் சார்" என்பார்கள். பொய். வீடியோவைப் பிரித்துக் காட்டும் பகுதியை இன்டெல் 2011லேயே பிராசசருக்குள் வைத்துவிட்டது. 2020இல் வந்த 11ஆம் தலைமுறை சிப்கள் 4கே வீடியோவைச் சிரமமில்லாமல் ஓட்டும். டேலி, ஜிஎஸ்டி தாக்கல், எக்செல், ஜூம், முப்பது டேப் திறந்த பிரவுசர், பைதான், ஜாவா: இதில் எதற்கும் தனி கார்டு கேட்காது.

5)
இப்போது பெரிய விஷயம். ஒரே மூலக்கூறு, இரண்டு பிராண்டு.

லெனோவோவின் திங்க்பேட் டி14 ஜென் 2, பி14எஸ் ஜென் 2 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே உடம்பு. முதலாவதில் என்விடியா எம்எக்ஸ்450 கார்டு போட்டுக் கிடைக்கும். இரண்டாவதில் என்விடியா டி500. 'ஒர்க்ஸ்டேஷன்' என்ற பட்டம். டெல்லில் லாட்டிட்யூட் 5520, பிரிசிஷன் 3560 ஜோடியும் இதே கதை.

எம்எக்ஸ்450, டி500 இரண்டுக்குள்ளும் இருப்பது டியூ117 என்ற ஒரே சிப். இரண்டிலும் 896 கோர்கள். திங்க்பேட் ஜோடியில் எம்எக்ஸ்450க்கு 2 ஜிபி நினைவகம், டி500க்கு 4 ஜிபி. பாராசிட்டமாலை எந்த அட்டையில் வாங்கினாலும் பாராசிட்டமால்தானே?

6)
அப்படியானால் டி500 ஏமாற்று வேலையா? இல்லை. நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

சாலிட்வொர்க்ஸ், கேடியா மாதிரியான டிசைன் மென்பொருள்களுக்கு, எந்தக் கார்டு எந்த டிரைவரோடு ஒழுங்காக ஓடுகிறது என்று சோதித்துச் சான்று கொடுப்பார்கள். டி500 வகைக்கு அந்தச் சான்று கிடைக்கும். பிரச்சினை வந்தால் மென்பொருள் கம்பெனியிடம் உதவி கேட்க முடியும். ஒரு டிசைன் ஆபீசுக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் அந்தக் காசு வேகத்துக்கு இல்லை, சான்றுக்கு. சாலிட்வொர்க்ஸைத் திறக்கவே போகாத பி.காம் பையனுக்கு அந்தச் சான்று எதற்கு? சர்க்கரை இல்லாதவருக்கு இன்சுலின் பேனா விற்பது மாதிரி. பேனா நல்ல பேனாதான்.

7)
அடுத்த மோசடி, டோஸ். ஸ்டிக்கரில் பெயர் மட்டும் இருக்கும், அளவு இருக்காது.

ஆர்டிஎக்ஸ் 4050 லேப்டாப் கார்டை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். எவ்வளவு என்று முடிவு செய்வது லேப்டாப் தயாரிக்கும் கம்பெனி. எம்எக்ஸ்450லும் 12 வாட் வகை உண்டு, 25 வாட்டுக்கு மேல் போகும் வகைகளும் உண்டு. பெயர் ஒன்றுதான். குழந்தைக்குக் கொடுக்கும் 125 மில்லிகிராமும் பெரியவருக்கான 650 மில்லிகிராமும் ஒன்றா?

மெல்லிசான பிசினஸ் லேப்டாப்பில் பெரும்பாலும் குறைந்த வாட்தான் வைக்க முடியும். இடமில்லை, காற்றோட்டம் இல்லை. அதனால் கார்டின் பெயரைக் கேட்டவுடன் அடுத்த கேள்வி: "எத்தனை வாட்?" பதில் தெரியவில்லை என்றால் அந்தக் கார்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

8)
கடையில் யாரும் சொல்லாத ஒரு வைத்தியம் சொல்கிறேன்.

11, 12ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, ஐ7 பலவற்றில் உள்ளேயே 'ஐரிஸ் எக்ஸ்இ' என்ற கிராபிக்ஸ் இருக்கிறது. ஆனால் ரேம் இரட்டை வழியில் ஓடினால்தான் அது ஐரிஸ் எக்ஸ்இ. ஒற்றை வழியில் ஓடினால் விண்டோசிலேயே வெறும் 'யுஹெச்டி கிராபிக்ஸ்' என்று காட்டும், வேகமும் குறையும். மேலே சொன்ன டி14 ஜென் 2வில் ரேமின் ஒரு பகுதி பற்றவைத்தது, கூடவே ஒரு காலி ஸ்லாட். 8 ஜிபியோடு வாங்கி, ஸ்லாட்டைக் காலியாக விட்டால், கிராபிக்ஸும் பாதி மூச்சில் ஓடும்.

அதில் இன்னொரு 8 ஜிபி ரேம் போடுங்கள். கிராபிக்ஸ் வேகமாகும், மொத்த மெஷினும் வேகமாகும். "ஸ்லோவா இருக்கு, கார்டு வச்சதா மாத்தணும்" என்று வருகிற பல லேப்டாப்புக்கு இது ஒன்றே மருந்து. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து போதும் என்கிற இடத்தில் ஆபரேஷன் எதற்கு?

9)
சூடு. இங்கே டாக்டராகவே பேசுகிறேன்.

2010இல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் ஒரு 12 வயதுப் பையனைப் பற்றி எழுதினார்கள். லேப்டாப்பைத் தொடையில் வைத்து மாதக்கணக்கில் கேம் ஆடியிருக்கிறான். இடது தொடையில் வலை போட்ட மாதிரி பழுப்பு நிறத் தடம். தீக்காயம் ஆகிற அளவு சூடு இல்லை. ஆனால் தினமும் பட்ட மிதமான சூட்டுக்கே தோல் அப்படி மாறிவிட்டது.

பயமுறுத்தவில்லை, இது அரிதுதான். கார்டு இல்லாத லேப்டாப்பும் சூடாகும். வேலை இல்லாதபோது தனி கார்டு தூங்கிவிடும் வசதியும் 2010 முதலே உண்டு. ஆனால் அது விழித்துக்கொண்டால் சூடும் கூடும், பேட்டரியும் இறங்கும். எந்த லேப்டாப்பாக இருந்தாலும் மடியில் வைக்காதீர்கள். மேசையில் வையுங்கள்.

10)
பழுது. 2008 ஜூலையில் என்விடியாவே ஒப்புக்கொண்ட விஷயம் இது: லேப்டாப் கிராபிக்ஸ் சிப்களில் ஒரு தொகுதி, பேக்கேஜிங் பொருள் பலவீனத்தால் அளவுக்கு மீறிப் பழுதாகிறது என்று சொல்லி, 15 முதல் 20 கோடி டாலர் வரை செலவுக்கு ஒதுக்கியது. இப்போதைய சிப்களுக்கு அந்தக் குறை இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனால் பாடம் மாறவில்லை: பற்றவைத்த சிப் போனால் மதர்போர்டே போன மாதிரி.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்பெனிகள் கழித்துவிட்ட பிசினஸ் லேப்டாப்பை செகண்ட்ஸில் வாங்குபவர்கள் இதைக் கவனியுங்கள். பழைய மெஷினில் கூடுதலாக ஒரு சிப் என்றால், போவதற்கு இன்னொரு உறுப்பு என்று அர்த்தம். வாரண்டி எத்தனை மாதம், கார்டுக்கும் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள்.

11)
இப்போது எதிர்வாதங்கள்.

"எதிர்காலத்துக்கு உதவும்." இல்லை. நான்கு வருஷம் கழித்து வேலை மாறினால், இன்று வாங்கிய 2 ஜிபி கார்டு அன்றைக்குப் போதாது. 2022இல் வந்த ஏஎம்டி ரைசன் 6000 வரிசையில் உள்ளேயே இருக்கும் ரேடியான் 680எம், எம்எக்ஸ்450 மாதிரியான தனி கார்டுகளுக்கே ஈடு கொடுக்கிறது. நேற்று காசு கொடுத்து வாங்கிய கூடுதல், இன்று சும்மாவே வருகிறது.

"ஏஐ படிக்கணும் சார்." சரி, கணக்குப் போடுவோம். 700 கோடி அளவுருக்கள் கொண்ட ஒரு சாதாரண மொழி மாடல். ஒன்றுக்கு 2 பைட் என்றால் 14 ஜிபி. உங்கள் கார்டில் இருப்பது 2 ஜிபி அல்லது 4 ஜிபி. நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 4 ஜிபியில் மூச்சு முட்டும். கற்றுக்கொள்ள ஆரம்பிப்பவருக்கு கூகுள் கொலாப் பிரவுசரிலேயே, வரம்புக்கு உட்பட்டு, இலவசமாக கிராபிக்ஸ் சிப் தருகிறது. முதலில் அதில் ஆறு மாதம் ஓட்டுங்கள்.

12)
"டாக்டர், சிடி ஸ்கேன் படம் பார்க்க கார்டு வேணும்" என்று எங்களிடமே விற்கிறார்கள்! ஓபியில் படத்தைத் திறந்து பார்ப்பதற்குக் கார்டு முக்கியமில்லை, திரைதான் முக்கியம். மேமோகிராம் படித்து ரிப்போர்ட் எழுதுபவர்கள் 5 மெகாபிக்சல் மருத்துவ மானிட்டரில் பார்ப்பதும் அதனால்தான். பிசினஸ் லேப்டாப்பில் ஒரே மாடலிலேயே 250 நிட்ஸ் மங்கலான திரையும் வரும், 400 நிட்ஸ் பளிச்சென்ற திரையும் வரும். கார்டுக்குக் கொடுக்கும் காசைத் திரைக்குக் கொடுங்கள். எக்ஸ்ரே பார்க்காதவர்களுக்கும் இதே அட்வைஸ்தான். எட்டு மணி நேரம் நீங்கள் பார்க்கப்போவது திரையை, கார்டை அல்ல.

13)
அப்போ யாருக்குத்தான் தேவை?

• சாலிட்வொர்க்ஸ், கேடியா, ரெவிட் என்று தினமும் முப்பரிமாணத்தில் வேலை செய்பவர்கள்: சான்று பெற்ற கார்டு. இங்கே 'ஒர்க்ஸ்டேஷன்' சரி. இரு பரிமாண ஆட்டோகேட் மட்டும் என்றால் அவசரம் இல்லை.
• டாவின்சி ரிசால்வில் வீடியோ எடிட்டிங், பிளெண்டர்: தேவை. நினைவகம் எவ்வளவு, எத்தனை வாட் என்று பாருங்கள்.
• கேம்: தேவை. ஆனால் அதற்குப் பிசினஸ் லேப்டாப்பையே பார்க்காதீர்கள்.

இந்தப் பட்டியலில் நீங்கள் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். தேவையானவருக்கு மறுப்பதும் தவறான வைத்தியம்தான்.

14)
சந்தேகமா? உங்கள் இப்போதைய லேப்டாப்புக்கு ஒரு ஈசிஜி எடுங்கள்.

விண்டோசில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயல்திறன் பக்கத்தில் பிராசசர், ரேம், டிஸ்க், கிராபிக்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு ஓடும். ஒரு வாரம், வேலை மும்முரமாக இருக்கும்போது எட்டிப் பாருங்கள். மெஷின் திணறும்போது எந்தக் கோடு உச்சத்தில் நிற்கிறதோ அதுதான் நோய். ரேம் நிரம்பி வழிந்தால் ரேம் போடுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் எஸ்எஸ்டி போடுங்கள். கிராபிக்ஸ் கோடு நாள் முழுக்க மேலே நின்றால் மட்டும் கார்டைப் பற்றி யோசியுங்கள்.

15)
காசு எந்த வரிசையில் போகவேண்டும்? என் பிரிஸ்கிரிப்ஷன்:

முதலில் 16 ஜிபி ரேம், இரட்டை வழியில். அடுத்து எஸ்எஸ்டி. அடுத்து நல்ல திரை. அடுத்து வாரண்டி. அப்புறம் ஒரு ஸ்டாண்டும் தனி கீபோர்டும். உங்கள் கழுத்து நன்றி சொல்லும். இவ்வளவுக்கும் பிறகு காசு மீதி இருந்து, 13ஆம் பதிவின் பட்டியலிலும் நீங்கள் இருந்தால், கார்டு. பட்டியலில் இல்லையென்றால் அந்த மீதியை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். வீட்டில் யாராவது ஒருவர் தன் டெஸ்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டுதான் இருப்பார்.

16)
கடைக்குப் போனால் மூன்றே கேள்வி. "கார்டு இல்லாமல் இதே மாடல் இருக்கா? விலை வித்தியாசம் எவ்வளவு? அந்த வித்தியாசத்தால் என்னுடைய எந்த வேலை வேகமாகும்?"

மூன்றாவதற்கு "எதுக்கும் இருக்கட்டும் சார்" என்று பதில் வந்தால், இருக்கட்டும். அவர் கடையிலேயே இருக்கட்டும்.

ஜூன் மாதம் லேப்டாப் வாங்கப்போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதை அனுப்பிவிடுங்கள்.