கடன் வாங்கிப் படிப்பவனிடம் கடமை பேசுவோருக்கு

கப்பல் கல்லூரி மாணவர்களைச் சேமப்படைக்கு அழைக்கிறார்கள் என்றால், கதித்தமலை அடிவாரத்து ஊத்துக்குளிக்கு அதிலே என்ன அக்கறை என்று கேட்பாருண்டு. வெண்ணெய்க்குப் பேர்போன ஊர். பனியன் கம்பெனியே பிழைப்பாகிவிட்ட வட்டாரம். அலையைப் பார்க்க வேண்டுமானால் கொச்சிக்கோ தூத்துக்குடிக்கோ போகவேண்டும். இந்த ஊருக்குக் கடற்படைப் பேச்சு எதற்கு?

சொல்கிறோம். 2023 நவம்பரில் செங்கடலிலே கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள் ஏமன் நாட்டு ஹூத்திகள். சூயஸ் வழியே போகவேண்டிய திருப்பூர்ச் சரக்கு, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கப்பல் வாடகை ஏறியது. சரக்கு சேரும் நாள் தள்ளியது. எங்கோ வெடித்த குண்டு இங்கே ஓவர்லாக் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனின் வாரக்கூலியைத் தொட்டுப்பார்க்கிறது! கடல் தொலைவிலே இருக்கலாம். கடலிலே நடப்பது தொலைவில் இல்லை.

2024 மார்ச் 6ஆம் நாள் 'ட்ரூ கான்ஃபிடென்ஸ்' என்ற சரக்குக் கப்பல் ஏவுகணைக்கு இரையாகி, மூன்று மாலுமிகள் மாண்டனர். பட்டாளத்துக்காரர்கள் அல்லர், கூலிக்குக் கப்பலோட்டியவர்கள். தப்பியோரில் 21 பேரை மீட்டுக் கரைசேர்த்தது நமது கடற்படையின் 'கொல்கத்தா' கப்பல். மனமாரப் பாராட்டுகிறோம். வணிகக் கப்பல்காரனும் படைக்கப்பல்காரனும் ஆபத்துக் காலத்திலே அண்டைவீட்டார்தான். ஆகவே, கப்பல் படிக்கும் வாலிபனைச் சேமப்படையில் சேர் என்று கேட்பதே குற்றம் என்று நாம் கூறவில்லை. எதைக் கொடுத்துவிட்டுக் கேட்கிறாய் என்பதுதான் நமது கேள்வி.

அமெரிக்காவைப் பார்க்கச் சொல்கிறோம். நியூயார்க் பக்கத்திலே கிங்ஸ் பாயிண்ட் என்ற இடத்தில் 1943இல் திறக்கப்பட்ட வணிகக் கப்பல் கல்லூரி இருக்கிறது. படிப்புக் கட்டணத்தை அரசாங்கமே ஏற்கிறது. பதிலுக்கு, படித்து முடித்தவன் எட்டாண்டு சேமப்படை அதிகாரியாகப் பெயர் கொடுக்கவேண்டும். நிபந்தனை மறைவிலே இல்லை. மாணவன் படித்துப்பார்த்துக் கையெழுத்துப் போடுகிறான். இரண்டாம் உலகப்போரிலே அந்தக் கல்லூரியின் மாணவர் 142 பேர் – படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்! – உயிரிழந்தனர். அமெரிக்காவின் போர்களையெல்லாம் நாம் ஆதரிக்கிறோம் என்று யாரும் திரிக்கவேண்டாம். கொடுக்கல் வாங்கல் என்றால் இரண்டு பக்கமும் கை நீளவேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

இங்கே என்ன நிலை? சென்னை உத்தண்டியிலே 2008 முதல் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடக்கிறது. தனியார் கல்லூரிகள் வேறு. கப்பல் பொறியியல் நான்காண்டு, கப்பல் செலுத்தும் படிப்பு மூன்றாண்டு. செலவு லட்சக்கணக்கில்! தையல் பீஸுக்கு எண்ணி எண்ணிக் கூலி வாங்கும் தகப்பன், தாலிக்கொடியை அடகு வைத்த தாய், பாங்குக் கடன், அதற்குமேல் கந்துக் கடன். அந்தப் பையன் படிக்கையிலே ஒரு காசு கொடுக்காதவர்கள், படித்து முடிக்கும் நேரத்திலே வந்து நாட்டுக் கடமை என்று நெஞ்சு நிமிர்த்திப் பேசுவது நியாயமா?

அடுத்து, அவனது வேலையின் தன்மை. கோவையிலே பிரதேச இராணுவத்தின் 110ஆவது பட்டாளம் இருக்கிறது. 1949இல் தொடங்கிய அந்தப் படை, சொந்த வேலையிலே இருப்பவனை ஆண்டிலே சில வாரம் பயிற்சிக்கு அழைக்கும் படை. கடைக்காரன் போகலாம், குமாஸ்தா போகலாம். ஒப்பந்தம் போட்டு மாதக்கணக்கில் நடுக்கடலிலே மிதப்பவன் ஆண்டு முகாமுக்கு எங்கிருந்து வருவான்? நீந்தியா? கப்பல் கம்பெனி விடுமுறை தருமா, திரும்பி வந்தால் அதே வேலை கிடைக்குமா, பாங்குக்காரன் தவணையைத் தள்ளிவைப்பானா – இவற்றுக்கு விடை சொல்லிவிட்டுக் கொடியை உயர்த்தட்டும். (கடலே இல்லாத கோவையிலே 'அக்ரணி' என்ற பயிற்சி நிலையத்தையே நடத்துகிற கடற்படைக்கு, இந்த விடைகளைத் தேடுவது பெரிய காரியமா என்ன!)

டில்லியின் கணக்கை நாம் அறியாதவர்கள் அல்லர். 2022 ஜூன் 14இல் அக்னிபத் திட்டம் வந்தது. நான்காண்டுச் சேவை, முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிலைப்பர், மற்றவர் வீட்டுக்கு. ஓய்வூதியம் இல்லை. கையிலே தருவது ஏறத்தாழ 11.71 லட்சம், அதிலே பாதி, மாதாமாதம் அவன் சம்பளத்திலே பிடித்த 30 சதவிகிதத்திலிருந்து வந்த பணம்! எதிர்ப்பு மூண்டதும், அதே மாதத்திலே, வெளியே வரும் அக்னிவீரர் வணிகக் கப்பலிலே சேர வழி செய்வோம் என்று கப்பல்துறை அமைச்சகம் அறிவித்தது. நல்லது. படையிலிருந்து கப்பலுக்கு வருபவனுக்குப் பாதை போட்ட ஆளவந்தார்கள், கப்பலிலிருந்து படைக்குப் போகிறவனுக்கு என்ன எழுதி வைத்திருக்கிறார்கள்? கைகால் இழந்தால் எவ்வளவு? உயிரே போனால் அந்தத் தாய்க்கு எவ்வளவு? கடன் யார் தலையில்?

இந்தப் பதில்களைத் தமிழிலே தரவேண்டும். 1968 ஜனவரி 23இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, தேசிய மாணவர் படையிலே இந்தி ஆணைச் சொற்கள் கூடாது என்று சென்னை மாநிலச் சட்டமன்றம் தீர்மானித்தது. 'வலது பக்கம் திரும்பு' என்பதையே புரிந்த மொழியிலே சொல் என்று கேட்ட மாநிலம் இது. வாழ்நாளைக் கட்டிப்போடும் ஒப்பந்தத்தைப் புரியாத மொழியிலே நீட்டினால் ஏற்குமா?

ஆகவே கேட்கிறோம். சேமப்படைக்கு ஆள் வேண்டுமானால், முதலாண்டிலேயே கல்விக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளட்டும். நிபந்தனையைத் தமிழிலே அச்சிட்டுக் கொடுக்கட்டும். கையெழுத்துக்கு ஒரு மாதம் தவணை தரட்டும். அழைப்புக் கூட்டத்துக்குக் கல்லூரி முதல்வர்கள் பெற்றோரையும் வரவழைக்கட்டும். அதையும் ஞாயிற்றுக்கிழமையிலே வைக்கட்டும். சனிக்கிழமை சம்பள நாள். பனியன் கம்பெனிக்காரனுக்கு ஓய்வு மறுநாள்தான்.