அயல் தேடி



"வெளிநாட்டில் இருக்கிறீர்கள், அதுவும் கடற்கரை ஊர். உங்களுக்கு என்ன குறை?" என்று ஒரு சகோதரி கேட்டு எழுதியிருந்தார். கோபத்தில் கேட்டதல்ல, அறிய விரும்பிக் கேட்டதுதான். அதே கடிதத்தின் முடிவில், கலியாணம் முடித்துப் புது ஊருக்கு வந்து இரண்டு வருடமாகியும் மனம் விட்டுக் கதைக்க ஓர் ஆள் இல்லை என்றும் எழுதியிருந்தார். அவருடைய கேள்விக்கும் கவலைக்கும் சேர்த்தே இம்மாதம் எழுதுகிறேன்.

நான் இருக்கும் ஊரின் பெயர் குரோமர். இங்கிலாந்தின் கிழக்கே, நோர்போக் பகுதியின் வடகரையில் இருக்கிறது. லண்டனிலிருந்து வருவதானால் நோர்விச் நகரில் புகையிரதம் மாறி ஏற வேண்டும். எல்லாமாக மூன்று மணித்தியாலம் பிடிக்கும். ஊரில் 8,000 பேருக்குக் கிட்டத்தான் சனம். 1901 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒரு நடைபாலம் கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அதன் முனையில் ஒரு நாடக அரங்கும், ஆபத்தில் அகப்பட்டவர்களைக் காப்பாற்றப் போகும் படகுக்கான நிலையமும் இருக்கின்றன. நண்டுக்குப் பேர்போன ஊர் இது. சிறிய படகுகளை டிராக்டரில் கட்டி மணலில் இழுத்து ஏற்றுவார்கள். அதைப் பார்த்தால் எனக்கு எங்கள் வாடிகளின் நினைவு வரும்.

கோடையில் ஊர் திருவிழாப் போல இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் ஒரு கிழமை நின்றுவிட்டுப் போகிறவர்கள். மார்கழியில் பிற்பகல் மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும். 2011 இல் நான் இங்கு வந்தேன். இவர் ஒரு கடையில் காலை ஆறு மணிக்குப் போனால் இரவு பத்துக்குத்தான் வருவார். அந்த முதல் மாரியில், பகல் முழுவதும் ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்துவிட்டு, மாலையில் தொலைபேசியை எடுத்து "ஹலோ" என்றபோது என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. செல் விழுந்த காலத்தில் பங்கருக்குள் இருந்தபோதுகூட என்னைச் சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள். இங்கே பயம் இல்லை, பசி இல்லை, ஆனால் ஆளும் இல்லை. இதையும் ஒரு துன்பம் என்று சொல்லலாமா என்று நானே வெட்கப்பட்டதுண்டு. சொல்லலாம், தோழிகளே. 2018 ஆம் ஆண்டு ஜனவரியில் பிரித்தானிய அரசு தனிமை என்ற பிரச்சினைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது. இந்த நாட்டவர்களையே வருத்துகிற ஒன்று வந்தேறியவளை வருத்தாமல் விடுமா?

நம்முடைய ஊர்களில் அயல் என்பது தானாக வருவது. படலையில் நின்று "வீட்டில ஆரும் இருக்கிறியளோ?" என்று குரல் கொடுத்தால் போதும். உப்புக் கேட்டு வருவார்கள், தேங்காய் துருவிக்கொண்டே கதைத்துவிட்டுப் போவார்கள். இங்கே சொல்லாமல் ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போகமாட்டார். ஒரு தேநீர் குடிப்பதற்கும் இரண்டு கிழமைக்கு முன்னரே நாள் குறிப்பார்கள். முதலில் அதை வெறுப்பு என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் அது அவர்களுடைய மரியாதை. மற்றவருடைய நேரத்துக்குள் கேளாமல் நுழையக் கூடாது என்று பழகியவர்கள். அதேபோல மழையைப் பற்றியும் காற்றைப் பற்றியும் ஓயாமல் கதைப்பார்கள். நாங்கள் "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பது சோற்றைப் பற்றிய விசாரணையா? இல்லையே. அதுபோலத்தான் இதுவும். "இன்றைக்குக் குளிர்" என்று ஒருவர் சொன்னால், உன்னோடு கதைக்க எனக்கு விருப்பம் என்று பொருள்.

லண்டனில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். தேர்த் திருவிழாவுக்கும் சாமத்திய வீட்டுக்கும் போய் வருவோம். அது மனதுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மூன்று மணித்தியாலத்துக்கு அப்பால் இருக்கும் மாமி என்ன செய்வார்? உறவு எவ்வளவு தூரத்திலும் இருக்கலாம். அயல் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

என் முதல் அயலை நூலகத்தில் கண்டேன். 2013 இல் மகள் பிறந்தாள். இங்குள்ள நூலகங்களில் கைக்குழந்தைகளோடு வரும் தாய்மாருக்கு அரைமணி நேரம் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார்கள். காசு இல்லை. எனக்குப் பாட்டுத் தெரியாது, ஆனால் கை தட்டத் தெரியும். ஒவ்வொரு கிழமையும் அதே நாள், அதே நேரம், அதே பாய். நாலாவது கிழமை ஒரு தாய் எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். நாங்கள் அதுவரை பத்துச் சொல்லும் கதைத்திருக்கவில்லை.

மகள் பாடசாலைக்குப் போன பிறகு, 2017 இல், ஒரு தொண்டுக் கடையில் செவ்வாய்க்கிழமைகளில் வேலைக்குப் போனேன். சனங்கள் கொடுக்கும் பழைய உடுப்புகளையும் பாத்திரங்களையும் விற்று, அந்தக் காசை நோயாளர் பராமரிப்பு போன்ற நற்காரியங்களுக்குக் கொடுக்கும் கடைகள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. அங்கு வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அகதி விண்ணப்பம் தீராமல் சம்பள வேலைக்கு அனுமதி கிடைக்காதவர்களும் இப்படித் தொண்டு செய்யலாம். உங்கள் சகோதரிகள் யாராவது இந்த நாட்டில் அப்படிக் காத்திருந்தால் சொல்லுங்கள்.

கடையின் பின்னறையில் உடுப்புத் தரம் பிரிப்பது என் வேலை. என்னோடு நின்றவருக்கு அப்போது எழுபது வயது, கணவர் இறந்து ஆறு வருடம். கழன்ற பொத்தான்களை ஒரு பிஸ்கற் தகரத்தில் சேர்த்து வைத்து, சட்டைகளுக்குப் பொருத்தமாகத் தைப்பார். இங்கே வயதில் மூத்தவர்களையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். எனக்கு வாய் வரவில்லை. ஐந்து மாதம் ஒன்றும் சொல்லாமலே சமாளித்துவிட்டு, ஒரு நாள் "அக்கா" என்றேன். அது என்ன சொல் என்று கேட்டார். விளக்கினேன். இப்போது அந்தக் கடையில் எல்லோருமே அவரை அக்கா என்கிறார்கள்.

இந்த அனுபவத்தில் நான் கண்டது ஒன்றுதான். முகம் பார்த்து இருந்து கதைக்கும்போது மொழி வேண்டும், தைரியம் வேண்டும், கதைக்க விடயம் வேண்டும். பக்கத்தில் நின்று ஒரு வேலையைச் செய்யும்போது இவை ஒன்றும் அவசியமில்லை. கை வேலை செய்யும், வாய் விரும்பினால் திறக்கும். நான் ஒருமுறை நண்டுக்கறி காய்ச்சிக் கொண்டுபோனேன். எல்லோரும் மூக்கால் கண்ணால் தண்ணீர் வடியச் சாப்பிட்டுப் பாராட்டினார்கள். ஆனால் கறி ஒரு நாள்தான் ஆளைக் கூட்டும். வேலை கிழமைதோறும் கூட்டும்.

போரைக் கண்ட எங்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. "எந்த நாடு?" என்று கேட்பார்கள். "இலங்கை" என்றதும், "அழகான கடற்கரை, நாங்கள் விடுமுறைக்குப் போயிருக்கிறோம்" என்பார் ஒருவர். "அங்கே யுத்தம் அல்லவா, உனக்கு என்ன நடந்தது?" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் 2004 இல் கடல் கொண்டுபோனதையும் 2009 இல் அதே கரையில் நடந்ததையும் தேநீர்க் கோப்பையோடு நின்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. நட்புக்கு விலையாக எங்கள் கதையைக் கொடுக்கத் தேவையில்லை, தோழிகளே. "அது நீண்ட கதை, பிறகு சொல்கிறேன்" என்பது போதுமான பதில். பொத்தான் தைக்கும் அந்த அக்கா மூன்று வருடம் ஒன்றுமே கேட்கவில்லை. நான்காம் வருடம் நானாகச் சொன்னேன். அவர் ஊசியை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு கொஞ்சம் தன் கணவரைப் பற்றிச் சொன்னார். அவ்வளவுதான்.

அவர்தான் என்னை ஊர்ப் பெண்கள் சங்கத்துக்குக் கூட்டிப் போனார். விமன்ஸ் இன்ஸ்டிடியூட் என்று பெயர். மாதம் ஒரு கூட்டம், ஒரு பேச்சு, தேநீர், கேக். அதன் கதையைத் தேடிப் படித்தபோது வியந்து போனேன். 1897 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கமக்காரப் பெண்களுக்காகத் தொடங்கியது இது. பிரித்தானியாவில் முதற் சங்கம் 1915 இல், முதலாம் உலக யுத்தத்தின் நடுவில், வேல்ஸிலுள்ள ஒரு கிராமத்தில் உருவாகியிருக்கிறது. கிராமத்துப் பெண்களை ஒன்று சேர்த்து உணவு உற்பத்தியைக் கூட்டுவது அப்போதைய நோக்கம். அதே ஒன்ராறியோவிலிருந்து 1896 இல் இலங்கைக்கு வந்த ஓர் இளம் மருத்துவர், ஒரு தமிழரை மணந்து அங்கேயே வாழ்ந்தார். அவர்தான் டொக்டர் மேரி இரத்தினம். தன் நாட்டுப் பெண்கள் சங்கங்களை மாதிரியாகக் கொண்டு 1930 இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கியவர் அவரே. வந்தேறிய ஒரு பெண் தனக்கு ஓர் அயலைத் தேடாமல், நாட்டின் கிராமப் பெண்களுக்கே ஒரு சங்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்! நீங்கள் போகும் மாதர் சங்கக் கூட்டமும் நான் போகும் கூட்டமும் அவ்வளவு தூரத்துச் சொந்தமல்ல.

எல்லோரும் நல்லவர்கள் என்று எழுத மாட்டேன். முகம் திருப்புகிறவர்கள் உண்டு. பஸ்சில் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து போனவரும் உண்டு. 2024 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பல நகரங்களில் வந்தேறியவர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. எங்கள் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் தொலைக்காட்சியில் நெருப்பைக் கண்டதும் என் கால் நடுங்கத் தொடங்கிவிட்டது. உடம்பு பழையதை மறப்பதில்லை. செவ்வாய்க்கிழமை கடைக்குப் போவதில்லை என்று இருந்தேன். திங்கள் இரவு அக்கா தொலைபேசியில் அழைத்தார். "நாளைக்குப் பத்துமணிக்கு நான் உன் வாசலுக்கு வருகிறேன், சேர்ந்து நடந்து போவோம்" என்றார். சொல்லாமல் யார் வீட்டுக்கும் போகாத ஊரில், என்னிடம் சம்மதம் கேட்காமலே வருவதாகச் சொன்னார். வந்தார். எழுபத்தேழு வயதில், கைத்தடியோடு.

கடிதம் எழுதிய சகோதரிக்கும், மீள்குடியேறிய புது இடத்திலும் இந்திய முகாமிலிருந்து திரும்பிய ஊரிலும் மத்திய கிழக்கிலிருந்து வந்து இறங்கிய வீட்டிலும் தனித்திருக்கும் மற்றவர்களுக்கும் இதைச் சொல்வேன். கிழமைக்கு ஒரு முறை ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்குப் போங்கள். அது மாதர் சங்கமாகவோ முன்பள்ளியாகவோ கோயிலில் பூக்கட்டும் திண்ணையாகவோ தையல் வகுப்பாகவோ இருக்கலாம். போனால் சும்மா இருக்காமல் ஒரு வேலையைக் கையில் எடுங்கள். தேநீர்க் கோப்பை கழுவுவதும் வேலைதான். கொடுப்பதோடு நிற்காமல் சின்ன உதவி ஒன்றைக் கேளுங்கள். கேட்கப்பட்டவருக்கு உங்கள் வாசலுக்கு வர ஓர் உரிமை கிடைக்கும். மூன்று மாதம் பொறுங்கள்.

அயல் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கூட்டத்தில் ஓரமாக ஒரு புது முகம் இருந்தால், அவளுடைய கதையைக் கேட்காதீர்கள். கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். அடுத்த கிழமை பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வையுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் எழுதுகிறேன்.